நாணும் அச்சமும்: தன்பாலீர்ப்பாளர் புகலிட வழக்குகள் எழுப்பும் ஓர் அறவினா

அச்சம் தோன்றும் களன்களை மெய்ப்பாட்டியல் நான்கு என வகுக்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர் ஆகிய மூன்றனையும் அடுத்து நான்காவதாக இறையை வைக்கிறார் தொல்காப்பியர். தெய்வத்திற்கும் புலிக்கும் ஆறலைப்போர்க்கும் அஞ்சுவது போலவே தம்மை ஆள்பவனுக்கு அஞ்சுவதும் மாந்தர்க்கு இயல்பு என்பது அவர் கண்ட உண்மை. இந்நான்காம் அச்சத்தை அடித்தளமாகக் கொண்ட பன்னாட்டு ஆவணம் ஒன்று உண்டு. அது 1951 ஜூலை 28 அன்று ஜெனீவாவில் ஏற்கப்பட்ட அகதிகள் உடன்படிக்கை. இனம், சமயம், நாட்டினம், குறிப்பிட்ட சமூகக் குழு ஒன்றில் உறுப்பினராயிருத்தல், அரசியல் கருத்து என்னும் ஐந்தனுள் ஏதேனும் ஒன்றன் காரணமாகக் கொடுமைப்படுத்தப்படுவோம் என்னும் தக்க அடிப்படையுள்ள அச்சத்தால் தம் நாட்டிற்கு வெளியே இருப்பவரும், அந்நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவரும், அவ்வச்சத்தால் பெற விரும்பாதவரும் அகதி எனப்படுவர் என்பது அதன் வரையறையின் சாரம்.

இவ்வரையறையின் உயிர்ச்சொல் அச்சம். தன்பால் ஈர்ப்புடையோர் இவ்வரையறையின் முன் வந்து நிற்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் இன்றும் தன்பால் உறவைக் குற்றமாகக் கருதுகின்றன. அந்நாடுகளில் பிறந்து வளர்ந்த ஒருவர் வாழ்வில் அச்சம் தனித்து நிற்பதில்லை; நாணத்தோடு பின்னிக் கிடக்கிறது. காவலர்க்கு அஞ்சி மறைத்தது எவ்வளவு, தாயின் முகத்தை எண்ணி மறைத்தது எவ்வளவு என்று அவராலேயே பகுத்துக் கூற இயலாது. சட்டமோ அச்சத்தை மட்டுமே அறியும். இவ்விரண்டனையும் பிரித்துக் காட்டுக என்று புகலிடம் நாடி வந்தவரிடம் கேட்பது அறமாகுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. திருநர் வழக்குகளின் சிக்கல்கள் தனியே ஆராயத்தக்கன. ஆதலின் இங்குத் தன்பாலீர்ப்பாளர் வழக்குகளே கருதப்படுகின்றன.

உடன்படிக்கையை இயற்றியோர் இவர்களை மனத்திற்கொண்டிருந்தனர் எனச் சொல்வதற்கில்லை. குறிப்பிட்ட சமூகக் குழு என்னும் தொடரே சுவீடன் நாட்டுப் பேராளரின் முன்மொழிவால் பின்னர்ச் சேர்ந்தது. அத்தொடருள் தன்பாலீர்ப்பாளரும் அடங்கக்கூடும் என்பதை நெதர்லாந்து 1981இல் ஏற்றது. அமெரிக்காவில் 1990இல் கியூபா நாட்டவர் ஒருவரின் வழக்கில் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் அவ்வாறே முடிவுசெய்தது. 1994இல் தலைமைச் சட்ட அமைச்சர் ஜேனட் ரினோ அதனை முன்தீர்ப்பாக அறிவித்தார். கனடா உச்ச நீதிமன்றம் 1993இல் வார்டு வழக்கில் இக்கருத்தை வழிமொழிந்தது. கியூபா வழக்கில் ஒரு செய்தி நினைவிற்கொள்ளத்தக்கது. அந்நாட்டு அரசு அவரைத் தன்பாலீர்ப்பாளர் எனப் பதிவேட்டில் பதிந்து, சில திங்களுக்கு ஒருமுறை வரவழைத்து உசாவியும் உடலை ஆய்ந்தும் வந்தது. எனவே அவர் யார் என்பதற்கும் எதற்கு அஞ்சினார் என்பதற்கும் சான்றினை அவர் அஞ்சிய அரசே எழுதி வைத்திருந்தது. பின்வந்தோருள் பலர்க்கு அவ்வாறான பதிவேடு இல்லை. அது இல்லாமையே அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று.

மறைந்து வாழ்க என்னும் அறிவுரை

குழு என்னும் தகுதி கிட்டிய பின்னரும் விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டே வந்தன. மறுப்பிற்கு நாடுகள் பலவும் கூறிய காரணம் ஒன்றே. உமது இயல்பை வெளிக்காட்டாமல் அடக்கமாக வாழ்ந்தால் உமக்கு எத்தீங்கும் நேராது. ஆகவே உமது அச்சத்திற்கு அடிப்படை இல்லை என்பது அது. கேட்பதற்கு இது நல்லறிவுரை போலவே ஒலிக்கும். ஊர்ப்பெரியவர் ஒருவர் இளையோனுக்குக் கூறும் பக்குவமான சொல் போன்ற இது, பல ஆண்டுகள் நீதியின் மொழியாகவே வழங்கிற்று.

இதனை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2003 டிசம்பரில் எஸ்395 என்னும் எண்ணால் அறியப்படும் வழக்கில் எதிர்கொண்டது. வங்கதேசத்து ஆடவர் இருவர் இணையராக வாழ்ந்து, ஆஸ்திரேலியாவில் புகலிடம் கோரினர். பிரித்தானியர் ஆட்சியில் 1860இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வங்கதேசத்தில் தொடர்ந்து நடைமுறையில் உள்ளது. இந்தியாவிலும் அதே பிரிவே இருந்தது. வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவைப் பொறுத்தவரை 2018 செப்டம்பர் 6 அன்று நம் உச்ச நீதிமன்றம் அதன் ஆற்றலை நீக்கியது. ஆஸ்திரேலியத் தீர்ப்பாயம் இவ்விருவரும் இணையர் என்பதை ஏற்றது. ஆனால் அவர்கள் முன்னரும் அடக்கமாகவே வாழ்ந்தனர், இனியும் அவ்வாறே வாழ்வர், ஆகவே இடரில்லை என்றது. உயர் நீதிமன்ற நீதிபதியர் எழுவருள் நால்வர் இதனைத் தவறெனக் கண்டனர். அவர்கள் ஏன் அடக்கமாக வாழ்ந்தனர் என்னும் வினாவைத் தீர்ப்பாயம் எழுப்பவேயில்லை என்பது அவர்கள் சுட்டிய குறை. தீங்கிற்கு அஞ்சி ஒருவர் தம் வாழ்க்கையை மாற்றிக்கொண்டார் எனின், அம்மாற்றத்தையே தீங்கின்மைக்குச் சான்றாகக் காட்டுதல் கூடாது.

இவ்வாதத்தின் வலிமையை அன்றாட வாழ்விலிருந்தே உணரலாம். புலி உலவும் காட்டோரத்தில் ஒருவன் பத்தாண்டுகளாகக் கதவைத் திறக்காமல் வாழ்கிறான். அவனைப் புலி கடிக்கவில்லை. ஆகவே அங்குப் புலியச்சம் இல்லை என்று ஒருவர் கூறுவாராயின் நாம் நகைப்போம். அடைத்த கதவு புலியின் செயலே. புலி வராமலே செய்த செயல். சமயத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மை எளிதில் ஏற்கப்பட்டது. ஜெர்மனியில் புகலிடம் கோரிய பாகிஸ்தானிய அகமதியர் இருவர் வழக்கில், தாயகம் திரும்பி வழிபாட்டைத் தவிர்த்து வாழலாம் என எதிர்பார்ப்பது தகாது என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இல் கூறியது. ஓராண்டு கழித்து, 2013 நவம்பரில், சியரா லியோன், உகாண்டா, செனகல் நாட்டவர் மூவரின் வழக்கில் தன்பாலீர்ப்பாளர்க்கும் அதுவே விதி என்றது. அத்தீர்ப்பு முழுமையானதன்று. ஒரு நாட்டின் சட்டநூலில் தண்டனை எழுதப்பட்டிருப்பது மட்டுமே கொடுமை ஆகாது, சிறைத்தண்டனை உண்மையில் நடைமுறைப்படுத்தப்படல் வேண்டும் என்றும் அது கூறிற்று. பயன்படுத்தப்படாத சட்டமும் மிரட்டிப் பணம் பறிப்பவன் கையில் கருவியாகும் என்பதை அந்நீதிமன்றம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான்காம் வினா

இவ்வழக்குகளுக்கு இடையே, 2010 ஜூலை 7 அன்று, பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே அறவியல் நோக்கில் மிகுந்த ஆய்விற்குரியது. ஈரானியர் ஒருவரும் கேமரூன் நாட்டவர் ஒருவரும் மேல்முறையீட்டாளர்கள். எச்.ஜே., எச்.டி. என்னும் எழுத்துகளால் மட்டுமே அவர்கள் குறிக்கப்பெறுகின்றனர். கேமரூன் நாட்டவர் தம் வீட்டுத் தோட்டத்தில் துணைவரை முத்தமிட்டதை அண்டைவீட்டார் ஒருவர் கண்டார். பின்னர்க் கூட்டமொன்று அவரைத் தாக்கியது. அவர் தெருவிலும் மன்றிலும் தம்மை வெளிப்படுத்தியவர் அல்லர். கீழமை நீதிமன்றமோ, மறைந்து வாழ்வது அவர்களுக்குப் பொறுத்துக்கொள்ளத்தக்கதாக இருக்குமா என்னும் அளவுகோலைக் கொண்டு அவ்விருவர் கோரிக்கையையும் மறுத்திருந்தது.

உச்ச நீதிமன்றம் அவ்வளவுகோலை அகற்றியது. ரோட்ஜர் பிரபு வகுத்த நெறியை நான்கு வினாக்களாகக் கொள்ளலாம். விண்ணப்பதாரர் தன்பாலீர்ப்பாளரா? அவர் நாட்டில் வெளிப்படையாக வாழும் தன்பாலீர்ப்பாளர் கொடுமைக்கு ஆளாவரா? திரும்பிச் சென்றால் அவர் வெளிப்படையாக வாழ்வாரா? மறைந்து வாழ்வார் எனின், எதனால்? மூன்றாம் வினாவிற்கு ஆம் என விடை வரின் அவர் அகதி. நான்காம் வினாவில் பாதை இரண்டாகப் பிரிகிறது. பெற்றோர்க்கு மனவருத்தம் தரலாகாது, நண்பர்க்குச் சங்கடம் நேரலாகாது என்பன போன்ற சமூக அழுத்தங்களே மறைவிற்குக் காரணம் எனின் அவர் அகதி அல்லர். வெளிப்பட்டால் கொடுமை நேரும் என்னும் அச்சம் மறைவிற்குரிய முதன்மையான காரணங்களுள் ஒன்றாயினும் அவர் அகதியாவார்.

இப்பிரிவினைக்கு நியாயம் இல்லை எனத் தள்ளிவிடல் இயலாது. அகதி உடன்படிக்கை சமூக வாழ்வின் எல்லா நெருக்கடிகளுக்கும் மருந்தாக எழுதப்பட்டதன்று. குடும்பத்தாரின் முகச்சுளிப்பு உலகெங்கும் உள்ளது. புகலிடம் தரும் நாட்டிலும் உள்ளது. அதற்காகவும் எல்லை திறக்கப்படவேண்டும் எனின் அகதி என்னும் சொல்லே தன் செறிவை இழக்கும்; அதனால் துன்புறுவோர் சிறைக்கும் தூக்குக்கும் அஞ்சி ஓடி வருவோரே. ரோட்ஜர் பிரபுவின் கவலை இத்தகையது எனக் கொள்ளலாம்.

ஆயினும் நாணத்தையும் அச்சத்தையும் வெவ்வேறு பொருள்களாக எடுத்து வைக்க இயலும் என்னும் நம்பிக்கை இதன் அடியில் உள்ளது. அந்நம்பிக்கை ஆராய்தற்குரியது. தமிழ்ச் சொல்லாட்சியே இதற்கு ஒரு தொடக்கத்தைத் தருகிறது. பழி என்னும் ஒரே பொருளை முன்னிறுத்தி, அதற்கு அஞ்சுதல் என்றும் அதற்கு நாணுதல் என்றும் வள்ளுவர் இருவகையாகவும் ஆள்கிறார். நாணுடைமை அதிகாரத்தின் முதற்குறளில், தகாத செயல் கருதித் தோன்றும் நாணம் வேறு, மகளிர்க்கு இயல்பெனக் கருதப்பட்ட நாணம் வேறு என்று வகை செய்கிறார். தன்பாலீர்ப்பாளரின் நாணம் இவ்விரு வகையுள் எதிலும் அடங்குவதில்லை. அவர் செய்த தகாத செயல் எதுவும் இல்லை. அது அவர்க்கு இயல்பாய் அமைந்த மென்மையும் அன்று. பிறர் பார்வையை உள்வாங்கி, அப்பார்வையால் தம்மையே காணும்போது பிறக்கும் நாணம் அது. பெர்னார்ட் வில்லியம்ஸ் 1993இல் வெளியிட்ட தம் நூலில் கிரேக்க இலக்கியத்தின் வழியே நாணத்தை ஆராய்ந்து, நாணத்தின் உள்ளே எப்போதும் காண்பான் ஒருவன் இருக்கிறான் என்னும் கருத்தை வளர்த்தார். அக்காண்பான் யார், அவன் கையில் என்ன இருக்கிறது என்பதே நமக்குரிய கேள்வி. அவன் கையில் கல் இருப்பின் அந்நாணத்தை வெறும் நாணம் என்று எவ்வாறு கொள்வது?

பெற்றோர் வருந்துவர் என்பதற்காக மறைக்கிறேன் என்று ஒருவர் நேர்காணலில் கூறுகிறார் எனக் கொள்வோம். அலுவலர் அதனைச் சமூக அழுத்தம் என்னும் கட்டத்தில் எழுதிக்கொள்வார். பெற்றோர் ஏன் வருந்துவர்? உறவினர் விலக்குவர், தங்கைக்கு மணம் அமையாது, ஊரார் வீட்டைத் தாக்கக்கூடும், காவலர் வந்து நிற்பர் என்பதால் வருந்துவர். அதாவது, மகனின் நாணம் பெற்றோரின் அச்சமாகவும், பெற்றோரின் நாணம் மகனின் அச்சமாகவும் மாறி மாறி நிற்கிறது. குடும்ப மானத்தின் பெயரால் நிகழும் கொலைகளை இன்று நாம் ஆணவக் கொலை என்று பெயரிட்டு அழைக்கிறோம். நாணம் எவ்வாறு கத்தியாகிறது என்பதை அறிய நாம் கேமரூன் வரை செல்ல வேண்டியதில்லை.

வேறொரு வகையாலும் இவ்வினா இடர்ப்படுத்துகிறது. மறைவிற்கு அச்சம் ஒரு காரணமா என அறிய, அச்சம் நீங்கிய பின்னும் அவர் மறைந்து வாழ்வாரா என எண்ணிப் பார்த்தல் வேண்டும். அச்சமற்ற தாயகம் ஒன்றில் அவர் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. வாழாத வாழ்க்கையில் தாம் எவ்வாறு நடந்துகொள்வோம் என்பதற்கு எவரும் சான்று கூற இயலாது. அவரும் கூற இயலாது, அலுவலரும் கூற இயலாது. விடை அறியவொண்ணாத வினாவின் பாரத்தை வலிமை குறைந்தவர் தோளில் ஏற்றுவது நீதியாகாது. ஒரு நாட்டில் வெளிப்படையாக வாழ்வோர் கொடுமைக்கு ஆளாகின்றனர் என்பது நிறுவப்பட்டபின், அந்நாட்டில் மறைந்து வாழும் ஒருவரின் மறைவில் அவ்வச்சத்திற்குப் பங்கில்லை என மெய்ப்பிக்கும் கடமை அரசுடையதாதல் வேண்டும். முதன்மையான காரணங்களுள் ஒன்றாயினும் போதும் என ரோட்ஜர் பிரபு இடம் விட்டிருப்பது இத்திசையிலேயே செல்கிறது. ஆனால் மெய்ப்பிக்கும் பொறுப்பை அவர் மாற்றி வைக்கவில்லை.

அகத்திற்குச் சான்று

மறைந்து வாழ்க என்னும் அறிவுரை நீதிமன்றங்களில் வலுவிழந்தபின், மறுப்பு வேறு வழியில் நுழைந்தது. இப்போது முதல் வினாவே போர்க்களமாயிற்று. நீர் தன்பாலீர்ப்பாளர் என்பதை நாங்கள் நம்பவில்லை என்பதே புதிய விடை.

நம்புவதற்கு அரசுகள் நாடிய வழிகள் சில வெட்கத்திற்குரியவை. செக் குடியரசில் விண்ணப்பதாரரின் பிறப்புறுப்பில் கருவி பொருத்திப் பாலியற் படங்களைக் காட்டி உடலின் எழுச்சியை அளந்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2010இல் இதனைக் கண்டித்தது. 2014 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்த, நெதர்லாந்திலிருந்து வந்த மூவர் வழக்கில், ஒருவர் எந்தச் சோதனைக்கும் தாம் உடன்படுவதாகக் கூறியிருந்தார். மற்றொருவர் தம் அந்தரங்க உறவைப் படம்பிடித்த காணொளியையே சான்றாக அளித்திருந்தார். அத்தகைய சோதனைகளும் காணொளிகளும் பாலியல் நடைமுறை பற்றிய நுணுக்க வினாக்களும் மனித மாண்பிற்கு ஒவ்வாதன என நீதிமன்றம் தடைசெய்தது. 2018 ஜனவரியில், நைஜீரியர் ஒருவர்க்கு ஹங்கேரி நடத்திய உளவியற் சோதனைகளை, மழையில் நிற்கும் மனிதனை வரையச் சொல்லி அதிலிருந்து பாலீர்ப்பைக் கணிக்கும் சோதனை உட்பட, அதே நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அவ்வாண்டிலேயே ஆஸ்திரியாவில் ஆப்கானிய இளைஞர் ஒருவரின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் நடையும் செயலும் உடையும் தன்பாலீர்ப்பாளர்க்குரியனவாக இல்லை என்று அலுவலர் எழுதியது வெளிவந்து கண்டனத்திற்குள்ளாயிற்று. பிறந்த நாட்டில் உயிர் பிழைப்பதற்காக அவ்வாறு தோன்றாதிருக்கக் கற்றவர், புகுந்த நாட்டில் அவ்வாறு தோன்றாமையால் மறுக்கப்பட்டார்.

இவை இழிந்த முறைகள் எனக் கூறுதல் எளிது. இவற்றை நீக்கியபின் எஞ்சும் முறையே கடினமானது. எஞ்சுவது கதை. மேற்கூறிய மூவருள் இன்னொருவர், தம் ஈர்ப்பை உணர்ந்தபோது உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றங்களைப் போதிய அளவு விவரிக்கவில்லை என்பதற்காக முன்னர் மறுக்கப்பட்டிருந்தார். தன்பாலீர்ப்பை ஏற்காத குடும்பத்தில் பிறந்தவராதலின் அவருள் போராட்டம் நிகழ்ந்திருக்க வேண்டும், அதனை அவர் சொல்லியிருக்க வேண்டும் என்பது அலுவலர் எதிர்பார்ப்பு. அகத்திணை மாந்தர்க்குப் பெயர் சுட்டலாகாது எனத் தொல்காப்பியர் விதித்ததை நாம் அறிவோம். பெயர் சுட்டப்பட்டதும் அது புறமாகிவிடும். புகலிட நேர்காணலோ அகத்தைப் பெயரோடும் நாளோடும் இடத்தோடும் புறமாக்கித் தருக என்கிறது. மாற்றமோ முரணோ இன்றி, இரு நேர்காணல்களிலும் ஒரே சீராகத் தருக என்றும் கேட்கிறது. காதலைப் பற்றி ஒருவர் இருமுறை ஒரே சொற்களில் பேசுவாராயின் அவரையன்றோ ஐயுற வேண்டும்?

இத்துறையில் பயனுள்ள ஒரு வழியைப் பிரித்தானிய வழக்கறிஞர் எஸ். செல்வன் காட்டினார். பாலியற் செயல்களை விடுத்து, வேறுபாட்டை உணர்தல், இழிவுக்கு உள்ளாதல், நாணம், தீங்கு என்னும் நான்கு படிகளின்வழி விண்ணப்பதாரரைப் பேசவிடுக என்பது அவர் முறை. ஐ.நா. அகதிகள் உயர் ஆணையமும் இதனைப் பாராட்டியுள்ளது. சட்டம் அறியாத நாணம் இங்கு அச்சத்திற்கு முன்படியாக, அதற்கு விளக்கமாக இடம்பெறுகிறது. இம்முறையின் சிறப்பு அதுவே. எனினும் எந்நெறியும் அலுவலக நடைமுறையில் வாய்பாடாகிவிடும் இயல்புடையது. நாணம் அடைந்ததாகக் கூறாதவர் பொய்யர் என்று கொள்ளும் நிலையும் அப்போது வரும். தம்மை நினைத்து ஒருநாளும் நாணாதவர் இருக்கலாம். அவரும் கல்லுக்கு அஞ்சுபவரே.

தம் அனுபவத்திற்குத் தம் மொழியில் பெயரே இல்லாமையால் அதனைப் பிறர்க்கு உணர்த்த இயலாமற்போவதும் ஒருவகை அநீதியே என மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் விளக்கினார். பெயரிட்டுக்கொள்ளவே காலம் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் வந்து சேர்ந்த ஓராண்டிற்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது; விதிவிலக்குகள் உள்ளன எனினும் அவற்றையும் நிறுவ வேண்டும். பிரித்தானியாவில் 2022ஆம் ஆண்டுச் சட்டம், விண்ணப்பதாரர் தாம் கூறும் குழுவினரே என்பதை மெய்ப்பிக்க வேண்டிய அளவை உயர்த்தியது. மறைத்தது காலம் தாழ்த்திற்று. காலம் தாழ்த்தியது ஐயம் விளைத்தது. காலம் தாழ்த்தியது ஒன்றே அவநம்பிக்கைக்குக் காரணமாகாது என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியிருப்பது இவ்விடத்து ஆறுதல்.

பொய்யாகத் தன்பாலீர்ப்பாளர் எனச் சொல்லிக்கொள்வோர் இல்லையா எனக் கேட்கலாம். இருப்பர். 2023 செப்டம்பரில் அன்றைய பிரித்தானிய உள்துறை அமைச்சர் வாஷிங்டனில் ஆற்றிய உரையில், தன்பாலீர்ப்பாளராயிருந்து பாகுபாட்டிற்கு அஞ்சுவது மட்டுமே பாதுகாப்பிற்குப் போதுமானதாகலாகாது என்றார். இவ்வகைப் பொய்க் கோரிக்கைகள் உண்டு என்றும் பின்னர்க் கூறினார். பாகுபாடு வேறு, கொடுமை வேறு என்பது சட்டம் முன்னரே அறிந்த செய்தி. பொய்யைப் பற்றிய கவலைக்கு விடை வேறு. சோழர் முன்னோனாகப் புறநானூறு போற்றும் செம்பியன் புறாவிற்கு அடைக்கலம் தந்தபோது அதன் பின்னே வந்த பருந்து கண்ணெதிரே நின்றது. புறாவிடம் சான்று கேட்க வேண்டிய தேவை எழவில்லை. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலப்படுத்தியபோது அவள் தகுதிக்கு அடிகளின் வாய்ச்சொல் துணை நின்றது. நாம் கருதும் விண்ணப்பதாரர்க்குப் பின்னே பருந்து தெரிவதில்லை. அவருக்காகப் பேசக் கவுந்தியும் இல்லை. இந்நிலையில் பிழை நேர்ந்தே தீரும். தகுதியற்ற ஒருவரை ஏற்பதால் நாடு ஒன்றிற்கு நேரும் இழப்பையும், தகுதியுடைய ஒருவரைத் திருப்பியனுப்புவதால் அவர்க்கு நேரும் இழப்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் தகாது. பின்னது மீட்க முடியாதது.

மேலைநாட்டு நீதிமன்றங்கள் வரை வந்து சேர்வோர் இவருள் மிகச் சிலரே என்பதையும் மறத்தலாகாது. உகாண்டாவில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி அண்டை நாடான கென்யாவிற்கு ஓடியோர், தன்பால் உறவிற்குப் பதினான்கு ஆண்டு வரை சிறை விதிக்கும் நாட்டிலேயே புகலடைந்தனர். அங்குக் காகுமா முகாமில் 2021 மார்ச்சில் அவர்கள் உறங்கிய இடத்தில் தீ வைக்கப்பட்டது. தீக்காயமுற்றோருள் ஒருவர் அடுத்த மாதம் உயிரிழந்தார். உகாண்டா 2023இல் கொண்டுவந்த சட்டம் சில சூழல்களில் மரண தண்டனையும் விதிக்கிறது. இறைக்கு அஞ்சி ஓடியவர் அங்கு அண்டைக் கூடாரத்திற்கு அஞ்சுகிறார்.

மொழிபெயர்ப்பாளர் முன்

இவ்வச்சம் ஐரோப்பிய நகரத்து நேர்காணல் அறையிலும் தொடர்வதுண்டு என்பதே தமிழ் பயில்வோர் தனியே கருத வேண்டிய செய்தி. இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 365அ பிரிவு தன்பால் உறவைக் குற்றமாக்குகிறது; 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பெண்களும் அதனுள் அடங்கினர். அப்பிரிவு பெண்களின் உரிமைக்கு மாறானது என 2022இல் ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாகுபாடு ஒழிப்புக் குழு, ரோசன்னா பிளேமர் கல்தேரா தொடுத்த முறையீட்டில் முடிவுசெய்தது. அந்நாட்டிலிருந்து சென்று, தமிழில் மட்டுமே பேசக்கூடிய ஒருவர் இலண்டனிலோ பாரிசிலோ அலுவலர் முன் அமர்கிறார் எனக் கொள்வோம். அவர் சொல்லை மொழிபெயர்ப்பவர் தமிழர். அவர் எந்த ஊரினர், எவர்க்கு உறவினர், நாளை எங்குச் சென்று எதைச் சொல்வார் என்பவை விண்ணப்பதாரர் உள்ளத்தில் எழும் முதல் ஐயங்கள். அலர் என்னும் சொல்லின் பொருளை நம் அகப்பாடல்களில் பயின்றோர்க்கு இவ்வையத்தை விளக்க வேண்டியதில்லை. கடல் கடந்தும் அலர் தொடரும். அவர் தயங்குகிறார், தயக்கம் குறிப்பேட்டில் முரண் எனப் பதிவாகிறது.

அடுத்தது சொல். அவர் தம்மை எச்சொல்லால் சுட்டுவார்? ஊரில் அவர் கேட்டவை பெரும்பாலும் வசைச்சொற்களே. அவற்றுள் ஒன்றை அவர் ஆண்டால் மொழிபெயர்ப்பாளர் அவ்வசையையே ஆங்கிலத்தில் தருவார், அல்லது நாகரிகம் கருதி மழுப்புவார். எச்சொல்லும் ஆளாமல் எங்களுக்குள் பழக்கம் இருந்தது என்று மட்டும் கூறினால், நட்பு என எழுதப்படும். தன்பாலீர்ப்புடைய பெண்கள் இருவர் தம் குடும்பத்தாரால் நேர்ந்த இடருக்குப் பாதுகாப்பு வேண்டித் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 முதல் பிறப்பித்த ஆணைகளைத் தொடர்ந்து, மதிப்புக் குறையாத தமிழ்ச் சொற்களின் தொகுப்பு ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. ஊடகத்திற்கும் அலுவலகத்திற்கும் உரியதாகக் கருதப்பட்ட அத்தொகுப்பு, கடல் கடந்த நேர்காணல் அறைகளில் அமரும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் மேசைக்கும் செல்லத்தக்கது. ஆயின் விண்ணப்பதாரர் அப்புதுச்சொற்களைக் கேட்டிருக்கவே மாட்டார். அவர் வாயில் வரும் பழைய சொல்லுக்கும் தொகுப்பில் உள்ள புதிய சொல்லுக்கும் இடையே எதனை ஆள்வது, எங்கு நிறுத்தி அவரிடமே பொருள் கேட்பது என்பது மொழிபெயர்ப்பாளர் நொடிப்பொழுதில் செய்ய வேண்டிய முடிவு. மொழிபெயர்ப்புக் கல்வியைத் தம் பாடத்திட்டத்தில் வைத்துள்ள தமிழ்த்துறைகள் வணிகக் கடிதத்திற்கும் செய்தியறிக்கைக்கும் பயிற்சி தருகின்றன. இத்தகைய நேர்காணலுக்கும் பயிற்சி தருவது பற்றி அவை எண்ணலாம்.